பாட்டியின் கைநாட்டு



துரோணர் ஏகலைவனின் கட்டை விரலைப் பறிக்கவில்லை, கேட்டார். அவனும் முகம் கோணாமல் கொடுத்தான். அவனே சம்மதித்துவிட்டான், அப்புறம் என்ன தப்பு? ஆனாலும் கதை கேட்கிற சின்னப் பிள்ளைக்குக்கூட மனசு ஒப்பாது. குருவென்று கும்பிட்டவரே கேட்கும்போது அந்தப் பையனுக்கு ‘முடியாது’ என்று சொல்ல வாய் வருமா? மறுக்க முடியாதவரிடம் வாங்குகிற சம்மதம் உண்மையில் சம்மதமா?

இதைப் பழங்கதைக் கேள்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள். மருத்துவ அறிவியலோ உளவியலோ படித்து முடிக்கும் நம் பிள்ளைகளுக்கு அமையக்கூடிய வேலைகளில் ஆராய்ச்சி உதவியாளர் வேலையும் ஒன்று. அதிலும் முதியோரின் அசைவுக் கோளாறுகளை ஆராயும் இடத்தில் சேர்ந்தால், இந்தக் கேள்வி தினமும் எதிரில் வந்து உட்காரும்.

அசைவுக் கோளாறுகளில் நாம் அதிகம் கேள்விப்படுவது பார்க்கின்சன் எனும் நடுக்குவாதம். மூளையில் டோபமின் சுரக்கும் செல்கள் அழிந்துகொண்டே வரும். கை நடுங்கும், உடம்பு இறுகும், நடை சுருங்கும். 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் எனும் லண்டன் மருத்துவர் இந்நோயை எழுதியபோது ஆறு பேரைக் குறிப்பிட்டார். அவர்களில் சிலர் அவர் தெருவில் பார்த்தவர்களே. இன்றைக்கு அப்படிச் செய்ய முடியாது. 1964-இல் வந்த ஹெல்சிங்கி பிரகடனம், விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்குவதை உலக மருத்துவர்களின் நெறியாக்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி முன்னிலையில் கைநாட்டு வாங்க வேண்டும்.

சட்டம் சரி. கைநாட்டு வைப்பவர் யார் என்று பாருங்கள்.

கோலா குபு பாரு, ராசா, கெர்லிங், பத்தாங் காலி, அந்தப் பக்கம் கோல சிலாங்கூர் வரை, தோட்டத்தில் பால் மரம் வெட்டியும் மருந்து அடித்தும் முதுமை அடைந்த ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டோர் சொன்னால் சரி, கிராணி காட்டிய இடத்தில் கைநாட்டு என்று வாழ்ந்தவர். அவர் முன்னால் பல்கலைக்கழக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு தமிழ்ப் பிள்ளை போய், “பாட்டி, ஒரு கையெழுத்து” என்கிறது. “நீ சொன்னா சரிதான்யா” என்று கட்டை விரலை நீட்டுவார். அவர் நம்புவது படிவத்தை இல்லை. உங்களை, உங்கள் தமிழை.

அதற்குப் பிறகு நடப்பவை சின்ன விஷயங்கள் இல்லை. விரலைத் தட்டச் சொல்வோம், கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொல்வோம், நடக்கவிட்டு வீடியோ எடுப்போம். பின்னால் நின்று தோளை இழுத்து, சமாளிக்கிறாரா என்று பார்ப்பார்கள். சில ஆய்வுகளில் முந்தின இரவே மருந்தை நிறுத்திவிட்டு, குறைந்தது 12 மணி நேரம் கழித்து வரச் சொல்வார்கள். அப்போதுதான் நோயின் நிஜ அளவு தெரியும். அன்று காலையில் பாட்டியால் தன் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் போகலாம். இத்தனைக்கும் அந்த ஆய்வால் அவர் நோய் குணமாகப் போவதில்லை. பலன் இருந்தால் அது பின்னால் வருபவர்களுக்கு.

அப்படியானால் நம் பெரியவர்களை இதில் இழுக்காமலே விட்டுவிடலாமே என்று சிலர் கேட்கலாம். அதுவும் நியாயமில்லை. பார்க்கின்சன் அபாயத்தைக் கூட்டும் எல்.ஆர்.ஆர்.கே.2 மரபணு மாற்றங்கள் சில சீனரிடையே கண்டறியப்பட்டன. அவை இந்தியரிடம் அரிது. நம் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை நம்மவரிடம்தான் தேட வேண்டும். தோட்டத்தில் அடித்த மருந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாராகுவாட் களைக்கொல்லிக்கும் பார்க்கின்சனுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, முடிவாக நிறுவப்படவில்லை. நம் நாட்டில் 2002-இல் தடை அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை. அந்தத் தோம்பை முதுகில் சுமந்தவர்களில் நம் அம்மாக்களும் பாட்டிகளும் நிறைய. அவர்கள் உடம்பு சொல்லும் சாட்சியை யாரும் கேட்காமலே போனால் அதுவும் ஓர் அநீதிதான்.

ஆக, நமக்கு இரண்டு கடமை. அவர்களை ஆய்வுக்கு அழைக்க வேண்டும். ‘வேண்டாம்’ என்று சொல்லும் வழியையும் திறந்து வைக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். ஆள் எண்ணிக்கை குறைந்தால் மேலதிகாரி கேட்பார். அந்த இடத்தில்தான் நம் அறம் தெரியும்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. படிவத்தை வாசித்துவிட்டு, “பாட்டி, நான் என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க” என்று கேளுங்கள். தன் வாயால் அவர் சொல்லும்போதுதான் புரிந்ததா என்று தெரியும். “இது உங்க நோயைக் குணப்படுத்தாது, வேண்டாம்னு சொன்னாலும் டாக்டர் எப்போதும் போல பார்ப்பாரு, பாதியில நிறுத்திக்கலாம்” என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். உடனே கைநாட்டு வாங்காமல், “வீட்டுல பேசிட்டு நாளைக்குச் சொல்லுங்க” என்று எழுந்து வாருங்கள். ஆராய்ச்சி வேலையில் இல்லாதவர்களும் உதவலாம். உங்கள் தாமானில் இப்படி ஒரு பாட்டியை யாராவது அணுகினால், சாட்சியாகப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கேட்கத் தயங்கும் கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

மறுநாள் பாட்டி “வேண்டாம்யா” என்று சொன்னால் மனம் கோணாமல் கும்பிட்டுவிட்டு வாருங்கள். “சரி, வர்றேன்” என்று சொன்னால், அந்தச் சம்மதம் அவருடையது.