பொழுது சாய்வதற்குள்

ஒரு தங்கை தன் அக்கா எழுதிய கதைகளை நெருப்பில் போடுகிறாள். காரணம் சின்னது. மூத்தவர்கள் நாடகம் பார்க்கப் போனபோது அவளைக் கூட்டிப்போகவில்லை. கெஞ்சியும் ஜோ மசியவில்லை. 2019-இல் க்ரெட்டா கெர்விக் இயக்கி வெளிவந்த ‘லிட்டில் விமன்’ படத்தை என் மாணவிகளோடு பார்க்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் காட்சியில்தான் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. ஜோவை லாரி மணந்திருக்க வேண்டுமா, பெத் சாக வேண்டுமா என்பதெல்லாம் பிறகுதான். எரிந்துபோன அந்தத் தாள்களுக்கு என்ன நியாயம் என்பதே முதல் கேள்வி.

எரிந்தது என்ன என்பதை லூயிசா மே ஆல்காட்டின் நாவல் (முதல் பாகம் 1868, இரண்டாம் பாகம் 1869) கவனமாகக் கணக்கெடுத்துச் சொல்கிறது. ஐந்தாறு தேவதைக் கதைகள். பல வருட உழைப்பு. ஜோ அவற்றை அழகாகப் படியெடுத்து முடித்து, அடித்தலும் திருத்தலுமாகக் கிடந்த பழைய தாள்களைத் தானே அழித்துவிட்டிருந்தாள். ஆக, எரிந்தது ஒரே பிரதி. மற்றவர்களுக்கு அது சின்ன இழப்பாகத் தெரிந்தது, ஜோவுக்கு அப்படி இல்லை என்றும் நாவல் குறித்துவைக்கிறது. ‘மற்றவர்களுக்குச் சின்ன இழப்பு’ என்ற அளவுகோலைத்தான் நான் இந்தக் கட்டுரை முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கப் போகிறேன். ஒரு பெண்ணின் எழுத்து வீட்டுக்குள் எவ்வளவு பெறும் என்பது, அது தொலையும்போது வீடு எவ்வளவு பதறுகிறது என்பதில் தெரியும். மார்ச் குடும்பம் அன்பான குடும்பம்தான். அங்கேயும் பதற்றம் அவ்வளவு இல்லை.

ஜோ கொதிக்கிறாள். என் வாழ்நாளில் உன்னை மன்னிக்கமாட்டேன் என்கிறாள். அன்று இரவு அம்மா, மார்மி, அவளிடம் சொல்வது: சூரியன் சாயும்வரை கோபத்தை வைத்துக்கொள்ளாதே. பவுல் எபேசியருக்கு எழுதிய நிருபத்திலிருந்து கிளம்பி, கிறிஸ்தவ வீடுகளில் பழமொழிபோல் ஆகிவிட்ட அறிவுரை இது. மார்மியை நான் குறை சொல்லமாட்டேன். அமெரிக்க உள்நாட்டுப் போர், கணவர் போர்முனையில், மாசசூசெட்ஸ் குளிர்காலம், கையில் காசு குறைவு, ஒரே கூரையின் கீழ் நான்கு பெண்பிள்ளைகள். அந்த வீட்டால் ஒரு நீண்ட சண்டையைத் தாங்க முடியாது. அவருக்கு வேண்டியது சமாதானம். ஆனால் அவர் கேட்டது மன்னிப்பு. சமாதானம் வீட்டின் தேவை. அதற்குக் கெடு வைக்கலாம், அம்மா கட்டளையிடலாம், உப்புச் சப்பில்லாமல் ‘சரி விடு’ என்று சொல்லி முடிக்கவும் செய்யலாம். மன்னிப்பு, இழந்தவளின் செயல். அவள் தன் இழப்பை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த எண்ணிக்கை ஒரு பொழுதில் முடிகிற காரியமா? பல வருடம் எழுதியதை ஒரே இரவில் துக்கப்பட்டு முடி என்று யாரும் ஆண் எழுத்தாளன் எவனிடமும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆங்கிலத்தில் ‘சிஸ்டர்’ என்ற ஒரு சொல்லே போதும். தமிழில் வாயைத் திறந்தாலே அக்காவா தங்கையா என்று சொல்லியாக வேண்டும். இந்தக் கதையை வகுப்பில் தமிழில் சொல்லத் தொடங்கியதுமே, ‘அவ சின்னப் பொண்ணு மேடம், அக்காதான் விட்டுக்கொடுக்கணும்’ என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. உறவுச் சொல்லுக்குள்ளேயே ஒரு கடமைப் பட்டியல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண் மட்டும் ஒருமுறை எழுந்து கேட்டாள்: “அக்கா விட்டுக்கொடுத்தா எரிஞ்ச நோட்டு திரும்பி வந்துடுமா மேடம்?” அன்றைக்கு அதற்கு மேல் வகுப்பு ஓடவில்லை.

அடுத்த நாள் ஏரி. ஜோவும் லாரியும் பனிச்சறுக்குக்குப் போகிறார்கள். சமாதானமாகலாம் என்று பின்னாலேயே ஓடிவரும் ஏமி, பனி உடைந்து நீருக்குள் விழுகிறாள். காப்பாற்றிவிடுகிறார்கள். அந்தக் கணத்தோடு ஜோவின் வழக்கு தள்ளுபடி. இனி அவள் குற்றம் சாட்டுகிறவள் இல்லை, குற்றவாளி. நாவலில் இது இன்னும் இறுக்கமாகப் பின்னப்பட்டிருக்கிறது: நடுவில் போகாதே என்று லாரி எச்சரித்தது ஜோவின் காதில் விழுந்தது, பின்னால் வந்த ஏமியின் காதில் விழவில்லை. கோபத்தில் இருந்த ஜோ அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அந்த ஒரு மௌனத்துக்கு அவள் பொறுப்பேற்கத்தான் வேண்டும். ஆனாலும் மெல்லிய பனிக்கும் எரிந்த தாள்களுக்கும் என்ன சம்பந்தம்? ஏமி சாகப் பார்த்ததால் ஏமி செய்தது சரியாகிவிடாது. ‘அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?’ என்ற கேள்வி எந்தப் பெண்ணின் நியாயமான கோபத்தையும் வாயடைக்கப் போதுமானது. நம் வீடுகளில் இதற்கு ஏரிகூடத் தேவையில்லை. அம்மாவின் இரத்த அழுத்தமே போதும். பயத்தில் கொடுத்தது மன்னிப்புதானா என்று ஜோவுக்கே தெரிந்திருக்காது. ஆல்காட் இந்த இடத்தில் தன் கதாநாயகிக்கு அநியாயம் செய்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதே இரவில்தான் நாவலின் மிக நேர்மையான உரையாடலும் வருகிறது. தன் கோபத்தைக் கண்டு நடுங்கும் மகளிடம், எனக்கும் உன்னைப்போலத்தான், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் கோபம் வருகிறது என்கிறார் மார்மி. படத்தில் லாரா டெர்ன் இதைக் குரலை உயர்த்தாமல் சொல்கிறார். அதுவரை புன்னகையாகவே இருந்த முகம் அது. நாவலில் இன்னொன்றும் உண்டு. அந்தக் கோபத்தை அடக்க அவருக்கு உதவியவர் கணவராம். மனைவியின் பேச்சு எல்லை மீறும்போது அவர் உதட்டில் விரலை வைத்து ஒரு பார்வை பார்ப்பாராம். மார்மி இதை நன்றியோடு நினைவுகூர்கிறார். எத்தனை முறை படித்தாலும் அந்த விரல் என்னைத் தொந்தரவு செய்கிறது. அந்த விரலைக் கணக்கில் எடுத்தால், மகளுக்கு வைத்த கெடு எங்கிருந்து வந்தது என்பது புரியும். தாய் தனக்கு விதிக்கப்பட்டதைத்தான் கைமாற்றித் தருகிறாள்.

இனி ஏமி. அவளை வெறும் பொறாமைக்காரச் சிறுமியாகத் தள்ளிவிட கெர்விக் இடம் தரவில்லை. 1994-இல் கில்லியன் ஆம்ஸ்ட்ராங் எடுத்த படத்தில் சிறுமி ஏமிக்கு ஒரு நடிகை, வளர்ந்த ஏமிக்கு இன்னொருவர். ஆகவே எரித்த கை அந்தக் குழந்தையோடு போய்விடுகிறது. 2019-இல் இரண்டு வயதுக்கும் ஃப்ளாரன்ஸ் ப்யூ ஒருவரே. இருபது கடந்தவர் பள்ளிச் சிறுமியாக வருவது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் எரித்தவளும், பிறகு பாரிஸில் தன் ஓவியத்துக்கு மேதைமை போதாது என்று முடிவெடுத்து, திருமணம் என்பது பணவிவகாரம் என்று லாரிக்குப் பாடம் எடுப்பவளும் ஒரே மனுஷி என்பதை நாம் மறக்க முடிவதில்லை.

அவள் மன்னிப்புக் கேட்கும் விதத்தைக் கவனியுங்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. உன்னைக் காயப்படுத்த நினைத்தேன். உன் உடைகளைக் கெடுத்தால் உனக்கு வலிக்காது. நீ நேசிப்பது எழுத்தை மட்டும்தான் என்கிறாள். குரூரமான வாக்குமூலம்தான். இருந்தாலும் அந்த வீட்டில் ஜோவின் எழுத்துக்கு என்ன மதிப்பு என்று துல்லியமாக அளந்துவைத்திருந்தவள் ஏமி. அம்மாவுக்கு அது குடும்ப அமைதியைக் குலைத்த விஷயம். ஏமிக்கு அது ஜோவின் உயிர். தெரிந்தேதான் தொட்டாள்.

அதனால்தான் படத்தின் பிற்பகுதி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெத் இறந்துபோகிறாள். லாரியை மணந்துகொண்டு திரும்பிய ஏமி, நீ கோபப்படுவாய் என்று பயந்தேன் என்று அக்காவிடம் சொல்கிறாள். சகோதரிகளிடம் கோபித்துக்கொண்டிருக்க வாழ்க்கையில் நேரமில்லை என்கிறாள் ஜோ. முன்பு அம்மா கேட்டதைத்தான் இப்போது தருகிறாள். ஆனால் யாரும் கெடு வைக்கவில்லை. நடுவில் வருடங்கள் ஓடியிருக்கின்றன; ஒரு சாவு நடந்திருக்கிறது. லாரிக்குச் சம்மதம் சொல்லி எழுதிய கடிதத்தைப் பிறகு அவள் கிழித்து ஆற்றில் விடுகிறாள். அந்த வலியைத் தங்கையிடம் காட்டுவதில்லை. முழுமையான மன்னிப்பு என்று இதையும் சொல்லிவிட முடியாது. எங்கோ ஒரு மூலையில் கணக்கு மிச்சமிருக்கும்.

பிறகு ஜோ தங்கள் வீட்டுக்கதையை எழுதத் தொடங்குகிறாள். அடுக்களைப் பாடுகளையும் சின்னச் சந்தோஷங்களையும் யார் படிப்பார்கள், இதில் என்ன முக்கியத்துவம் இருக்கிறது என்று அவளுக்கே ஐயம். அதை மறுப்பவள் ஏமி. யாரும் எழுதாததால்தான் அவை முக்கியமற்றவையாகத் தெரிகின்றன, எழுதினால் முக்கியமாகும் என்கிறாள். நீ எப்போது இவ்வளவு புத்திசாலியானாய் என்று ஜோ கேட்க, எப்போதுமே அப்படித்தான், நீதான் என் குறைகளைப் பார்ப்பதில் மும்முரமாக இருந்துவிட்டாய் என்று பதில் வருகிறது. எரித்தவள் எரிந்ததைத் திருப்பித் தர முடியாது. அவள் செய்யக்கூடியது அடுத்த பிரதிக்கு வாசகியாவது. ஏமி அதைச் செய்கிறாள். ‘ஸாரி’ என்ற சொல்லைவிட எனக்கு இது பெரியதாகத் தெரிகிறது.

நிஜ வாழ்வில் ஏமியின் பெயர் மே. ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டால் அதுவே ஏமி. 1868-இல் முதல் பாகத்துக்குப் படம் வரைந்தவர் மேதான். விமர்சகர்கள் அந்தப் படங்களைக் கிண்டல் செய்தார்கள். அந்தப் புத்தகம் சம்பாதித்த பணத்தில்தான் லூயிசா தங்கையை ஐரோப்பாவுக்கு ஓவியம் படிக்க அனுப்பினார். 1877-இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் மேயின் ஓவியம் இடம்பெற்றது. மறு வருடம் திருமணம்; 1879 நவம்பரில் ஒரு பெண் குழந்தை; டிசம்பரில் மே இறந்துபோனார். பெரியம்மாவின் பெயரையே வைத்திருந்த அந்தக் குழந்தை, லூலூ, கப்பலேறி அமெரிக்கா வந்து சேர்ந்தது. 1888-இல் தான் இறக்கும்வரை லூயிசா அவளை வளர்த்தார். தங்கைக்கு மட்டும் எல்லாம் எளிதாக வாய்த்துவிடுகிறது என்ற முணுமுணுப்பு லூயிசாவின் இளவயதுக் குறிப்புகளில் இருக்கிறது. பணம் அனுப்பிய காலத்திலும் அது முற்றிலும் அடங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அடங்காமலேயே அனுப்பியிருக்கலாம்.

அவர்களுடைய அம்மா அபிகெய்ல் 1877-இல் இறந்தார். மார்மியின் மூலம் அவர்தான். நெடுங்காலம் நாட்குறிப்பு எழுதியவர். வீட்டுக்குச் சம்பாதித்துப் போட முடியாத ஒரு தத்துவவாதியோடு வாழ்ந்தவருக்கு எழுத நிறைய இருந்திருக்கும். சில வருடங்கள் கழித்து லூயிசா அந்த நாட்குறிப்புகளை எடுத்துப் படித்தார். படித்துவிட்டு, அம்மாவின் விருப்பப்படியே, அவற்றில் பெரும்பகுதியை அழித்தார். தினமும் கோபப்பட்ட அந்தப் பெண்ணைப் பற்றி இன்று நம் கையில் இருப்பவை, தப்பிய கொஞ்சம் தாள்களும், மகள் நாவலுக்குள் எழுதிவைத்த அந்த ஓர் இரவின் பேச்சும்தான்.