இருதயமும் இனிப்பு நீரும்

 

அல்லாஹுத் தஆலா நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானத்துகளில் இந்தச் சரீரமும் ஒன்று. பிறர் நம் கடையில் வைத்துச் சென்ற பொருளை எவ்வளவு ஜாக்கிரதையாகப் பார்த்துக் கொள்கிறோம்! அந்தக் கவனத்தில் பாதியையேனும் நம் தேகத்தின்மீது செலுத்துகிறோமா?

மலேசியாவில் 2023ஆம் ஆண்டு எடுத்த சுகாதாரக் கணக்கின்படி, வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் வியாதி இருக்கிறது. அதை அறியாமலே நடமாடுவோர் பலர்.

மாரடைப்பு வந்தால் ஆஸ்பத்திரியில் அடைப்பை நீக்கிவிடுவார்கள், அத்துடன் தீர்ந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியன்று. பலூனைச் செலுத்தி, அடைபட்ட குழாயைத் திறந்து, கம்பிவலையும் வைத்து விடுகிறார்கள். ஆயினும் சர்க்கரை மிகுந்திருந்தால், பெரிய குழாய் திறந்த பின்னும் நுண்ணிய குழாய்களில் இரத்தம் சரிவரப் பாயாமல் போவதுண்டு. இரத்தம் உறைவதும் எளிதாகிறது. ஆஸ்பத்திரியில் சேரும்போதே சர்க்கரை ஏறியிருப்பவர்களிடையே மரணமும், இருதயம் பலமிழப்பதும் அதிகமென மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். இவ்வியாதி இல்லாதவருக்குங்கூட மாரடைப்பின் அதிர்ச்சியால் அந்நேரத்தில் சர்க்கரை ஏறலாம்.

1995ஆம் ஆண்டு ஸ்வீடன் தேசத்து மருத்துவர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மாரடைப்புடன் சர்க்கரையும் மிகுந்து வந்த 620 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு உடனே இன்சுலினை இரத்தத்தில் ஏற்றி, பிறகு மாதக்கணக்கில் ஊசியும் போட்டார்கள். ஓராண்டுக்குள் அவர்களில் நூற்றுக்கு 19 பேரளவில் மௌத்தானார்கள். வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் 26 பேர். 2005இல் வெளியான இரண்டாம் ஆராய்ச்சியிலோ இந்த வித்தியாசம் தென்படவில்லை. 2009இல், கடும் நோயுற்ற 6,000 பேருக்கு மேற்பட்டோரிடம் நடந்த வேறோர் ஆராய்ச்சியில், சர்க்கரையை மிகத் தாழ்வாக இறக்கியபோது மரணம் கூடியது தெரிய வந்தது. மிகுதியும் கேடு, அளவுக்கு மீறிய குறைவும் கேடு. எதிலும் நடுநிலையைப் பேணச் சொல்லும் மார்க்கத்தையுடைய நமக்கு இது புதிய பாடமா? ஆகவே, பயத்தினால் வீட்டில் தாமாகவே மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டாம். அளவை மருத்துவரே சொல்லட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நெடுநாள் இவ்வியாதி உள்ளவர்க்கு நரம்புகள் மரத்துப் போவதால், நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல், திடீர்ச் சோர்வு கண்டால் காற்றுப் பிடிப்பென்று தைலம் தேய்த்துக் கொண்டிராமல், மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 என்ற எண்ணை உடனே அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசை மடிகிறது. மருத்துவரிடம் வியாதியையோ, உண்ணும் மருந்தையோ மறைக்காதீர்கள்.

விரலில் குத்திப் பார்ப்பது அன்றைய கல்லாப்பெட்டி. மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனையோ பேரேடு. சர்க்கரை மாரடைப்பின் அதிர்ச்சியால் மட்டும் ஏறியதா, வெகுநாளாக இருந்ததா என்பதை அது காட்டிவிடும். வீடு திரும்பிய பின்னும் அந்தக் கணக்கைத் தவறாமல் பாருங்கள்.

இன்சுலினில் பன்றியின் கலப்பு உண்டென்று அஞ்சி மறுப்போரும் நம்மில் உண்டு. முன்னாளில் பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து அதை எடுத்தது மெய்யே. இன்று வழங்கப்படுவது பெரும்பாலும் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிப்பது. ஐயமிருந்தால் மருத்துவரையும் ஆலிமையும் கேட்டுத் தெளியுங்கள். ஊசியை மறுத்து உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

"எல்லாம் நசீபு" என்று சும்மாயிருப்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே இறைவன்மீது பொறுப்பைச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். மருந்து நம் கடமை; ஷிஃபா அவன் கையில். நம்மை நம்பியிருக்கும் மனைவி மக்களுக்கும் நாம் பொறுப்பாளிகள் அல்லவா?

வல்ல நாயன் நம் யாவருக்கும் சரீர சுகத்தையும் நீண்ட ஹயாத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.