ஆலோசனையும் அணுவும்



'ஆலோசனை' என்னும் சொல்லை இன்று யோசனை கூறுதல் என்ற பொருளில் வழங்குகிறோம். நம் ஆகமங்களில் அதன் பொருள் வேறு. தான் செய்த குற்றத்தைத் துறவி தானே தன் குருவின் முன் எடுத்துரைத்தலே ஆலோசனை. குரு ஒளிந்திருந்து கண்டுபிடிப்பதில்லை. உரைப்பவரே தொடங்க வேண்டும். அங்ஙனம் உரைக்கும்போது நேரக்கூடிய குற்றங்கள் பத்து என முன்னோர் வகுத்தனர். பிறர் கண்ணிற்பட்ட பிழையை மட்டும் சொல்லி, எவரும் காணாததை மறைப்பது திருஷ்டம். பெரியதை விழுங்கிவிட்டுச் சிறியதைச் சொல்வது சூக்குமம். பலரும் இரைந்து பேசும் நேரம் பார்த்து, குருவின் செவியில் தெளிவாக விழாதபடி சொல்லித் தீர்ப்பது சத்தாகுலிதம். மனத்தின் தந்திரங்களை எவ்வளவு கூர்மையாகக் கண்டிருக்கிறார்கள் பாருங்கள்!

இதனை இங்கு எடுத்துரைக்கக் காரணம் உண்டு. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரத்தில், ஏலமலைச் சரிவில், நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டத்தைப் பற்றி நம் குடும்பங்களிலும் பேச்சு எழுகிறது. "மலைக்குள் அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்களாமே, அதைப் பன்னாட்டு அணுசக்தி முகமை ஏன் பார்வையிடவில்லை?" என்று கேட்கின்றனர். அருகில் உள்ள உத்தமபாளையத்துப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் அச்சணந்தி முனிவரின் பெயரும் செதுக்கப்பட்டிருத்தலால், அவ்வட்டாரம் நமக்கு அயலன்று. கேள்விக்கு நேர்மையாக விடை காண்பது நம் கடமை.

1957இல் தோன்றி வியன்னாவில் இயங்கும் அம்முகமையின் கண்காணிப்பு ஏறத்தாழ ஆலோசனையின் முறையிலேயே அமைந்தது. தன்னிடம் இவ்வளவு யுரேனியம், இவ்வளவு புளூட்டோனியம் உள்ளது என்று முதலில் நாடுதான் அறிவிக்க வேண்டும். பின்னர் ஆய்வாளர்கள் வருவர். கணக்கேடுகளைப் பார்ப்பர், எரிபொருள் கற்றைகளை எண்ணிச் சரிபார்ப்பர், அணுப்பொருள் உள்ள இடங்களில் முத்திரை இடுவர், தாம் இல்லாத நாள்களுக்காக ஒளிப்படக் கருவிகளைப் பொருத்திச் செல்வர். மின்சாரத்திற்கென்று கூறப்பட்ட பொருள் ஆயுதத்திற்குத் திரும்பிவிடவில்லை என்பதை உறுதிசெய்வதே நோக்கம். உலை பழுதின்றி ஓடுகிறதா என்பது வேறு பொறுப்பு. நம் நாட்டில் அதற்கென 1983இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது.

சாட்சியில்லாத வாக்குறுதி என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று. டிராம்பேயில் கனடாவின் உதவியுடன் கட்டப்பெற்ற சைரஸ் உலை 1960இல் இயங்கத் தொடங்கியது. அமைதிப் பணிக்கே பயன்படுத்துவோம் என்ற உறுதி ஏட்டில் இருந்தது. பார்வையிடும் ஏற்பாடு இல்லை. அதில் விளைந்த புளூட்டோனியமே 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்தது. அதையும் 'அமைதி வெடிப்பு' என்றே அரசு அழைத்தது. அச்சோதனைக்குப் புத்தர் பெருமானின் பெயரையும் சேர்த்தழைத்தனர். அந்தப் பெயர்சூட்டலை என்னால் இன்றும் பொறுக்க இயலவில்லை.

கூடங்குளத்தின் முதலிரு உலைகளுக்கோ, 1988ஆம் ஆண்டிலேயே முகமையுடன் உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. கட்டுவதற்கு முன்பே சாட்சி அமர்த்தப்பட்டார் எனலாம். ஆயின் 2006இல் இந்தியா வகுத்த பிரிவினைத் திட்டத்தில், அன்று இயங்கியவையும் கட்டப்பட்டுவந்தவையுமான 22 உலைகளுள் 14 மட்டுமே கண்காணிப்புக்கு உரியவை என ஒதுக்கப்பட்டன. கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலைய உலைகளும், ஈனுலையும் அதில் சேரவில்லை. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் மாணவியருக்கு நான் ஒன்று சொல்வதுண்டு: ஆய்வாளர் வரும் நாளில் எந்த வகுப்பின் கதவு சாத்தியிருக்கிறதோ, அவர் அதைத்தான் திறக்கச் சொல்வார். இங்கோ, சாத்திய கதவுகளைத் திறக்கச் சொல்லும் உரிமை வருபவருக்கு இல்லை. இதற்கு நாட்டின் பாதுகாப்பைக் காரணமாகக் காட்டுவர், அவ்வாதத்திற்கு வலிமையுண்டு. ஆயினும் அதனை முழு ஆலோசனை என்று நான் கூறமாட்டேன்.

இனிப் பொட்டிபுரத்திற்கு வருவோம். அங்கே உலை இல்லை, யுரேனியமும் இல்லை. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறைக்கு அடியில் 50,000 டன் எடையுள்ள காந்த இரும்புக் கருவியை நிறுவி, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களை நோக்குவதே திட்டம். 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் நடந்த ஆய்வின் தொடர்ச்சி அது. நியூட்ரினோக்கள் ஒவ்வொரு நொடியும் கோடி கோடியாக நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன, தீங்கில்லை. ஆகவே வியன்னாவிலிருந்து எவரும் வந்து எண்ணுவதற்கு அங்கே பொருளே கிடையாது. அணுக்கழிவுப் புதைகுழி என்று நாம் பரப்பினால், வாய்மை விரதத்திற்கு நாமே ஊறு செய்தவர்களாவோம்.

இத்துடன் விடை முடிந்துவிடவில்லை. அம்மலையைக் குடைய வெடிமருந்து வேண்டும். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கம், அதிலிருந்து வெளிவரும் பாறைக் குவியல், அதன் தூசி, மலையின் நீரோட்டம், அங்கு வாழும் உயிர்கள். கேரளத்து மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதால் வேறு வகையில் பரிசீலித்திருக்க வேண்டும் என்று கூறி, 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் மீண்டும் அனுமதி கிடைத்தது. வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்று அவ்வாண்டே தீர்ப்பாயம் விதித்தது. புலிகளின் வழித்தடம் என்பதைச் சுட்டி, 2022இல் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது.

கதிர்வீச்சு இல்லை என்பது மெய்யே. அதனையே திரும்பத் திரும்ப உரைத்து, நீரையும் விலங்கையும் பற்றிய கேள்விக்கு மெல்லிய குரலில் விடையளிப்பது பத்துக் குற்றங்களுள் எதுவென்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். எதிர்த்தவர்களின் பக்கமோ, அணுக்கழிவு என்னும் இரைச்சலில் சுனைகளைப் பற்றிய நியாயமான கேள்வி கேட்காமற் போயிற்று.

துறவி சொன்னதைக் குரு பிறரிடம் வெளியிடலாகாது. நீர் கசியாத கலம் போல் இருத்தல் ஆசாரியரின் இலக்கணங்களுள் ஒன்று. முகமையும் நாடுகள் அறிவித்த மறைபொருள்களைப் பெரும்பாலும் பொதுவில் வைப்பதில்லை. ஒருவரின் உள்ளக் குற்றத்திற்கு அம்முறை பொருந்தும். பொட்டிபுரத்து மலைநீரைப் பற்றிய கணக்கு அத்தகையதன்று; அதை முதலில் படிக்க வேண்டியவர்கள் அந்நீரைக் குடிப்பவர்கள்.