மூன்று மணி நேரம் நின்றவர்

பள்ளி ஆண்டு விழா என்றால் எப்படியும் ஒரு கட்டபொம்மன் உண்டு. கண்மையால் வரைந்த மீசை வியர்வையில் கன்னத்துக்கு இறங்கியிருக்கும். ஜிகினாத் தாள் ஒட்டிய அட்டை வாள் இடுப்பில் நிற்காது. வரி கேட்கும் வெள்ளைக்காரனைப் பார்த்து அந்தப் பிள்ளை வசனத்தைத் தொடங்கியதும் முன்வரிசைத் தாத்தாக்களின் உதடுகளும் கூடவே அசையும். 1959இல் வந்த கட்டபொம்மன் படம் இன்னும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

வெள்ளைக்காரனோடு நடந்த அந்தச் சந்திப்பு உண்மையில் நடந்தது ராமநாதபுரத்தில். அரண்மனை வாசலின் கடைவீதி இரைச்சலைத் தாண்டி உள்ளே போனால் இராமலிங்க விலாசம், கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். கனத்த தூண்களுக்கு நடுவே நின்று அண்ணாந்து பார்த்தால் சுவரும் கூரையும் ஓவியமாக விரிகின்றன. ராமாயணமும் பாகவதமும் மட்டுமல்ல, தஞ்சை மராட்டியரோடு சேதுபதி நடத்திய போரும் அங்கே இருக்கிறது. நடந்த கதையை வண்ணத்தில் கண்டு மனம் பொங்குவது சினிமாவுக்கு முன்பே இந்த அரண்மனையில் இருந்த பழக்கம்தான்.

சந்திப்பு நடந்த 1798இல் அந்த மண்டபத்தில் சேதுபதி இல்லை. முத்துராமலிங்க சேதுபதியை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கும்பெனி பதவி நீக்கிச் சிறையில் வைத்திருந்தது. வரிப்பாக்கி பற்றிப் பேச ராமநாதபுரம் வருமாறு கட்டபொம்மனுக்கு ஆணை அனுப்பிய கலெக்டர் ஜாக்சன், தாம் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். குற்றாலத்தில் பார்க்கப் போனால் பேட்டி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இல்லை. பாளையக்காரரான கட்டபொம்மன் தம் ஆட்களோடு 23 நாள், 400 மைல் பின்னாலேயே அலைந்தார். செப்டம்பரில் ஒருவழியாகப் பேட்டி கிடைத்தபோது உட்கார இடம் கிடைக்கவில்லை. மூன்று மணி நேரம் நிற்க வைத்தே விசாரணை நடந்தது. சிறைப்பிடிக்கப் போகிறார்கள் என்று உணர்ந்து வெளியேறியபோது கோட்டை வாசலில் கைகலப்பு. கும்பெனியின் லெப்டினன்ட் கிளார்க் உயிரிழந்தார். தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

திரையில் இது வேறு மாதிரி எரிகிறது. பி.ஆர். பந்துலுவின் இயக்கத்தில், சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்தில், சி.ஆர். பார்த்திபனின் ஜாக்சன் முன்னால் சிவாஜி கணேசன் கர்ஜிக்கிறார். அந்தக் கர்ஜனைக்குப் பின்னால் ஒரு பார்வையாளன் இருக்கிறான். சிறுவயதில் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்த பாதிப்பில்தான் நடிகனாக வேண்டும் என்ற ஆசை பிறந்தது என்று சிவாஜியே சொல்லியிருக்கிறார். 1960இல் கெய்ரோ பட விழாவில் இந்த நடிப்புக்குச் சிறந்த நடிகர் விருது வாங்கினார். அதோடு விட்டுவிடவில்லை. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் இடம் வாங்கி, 1970இல் அவருக்குச் சிலையும் வைத்தார்.

அப்படியானால் அந்த வசனம் பொய்யா? அதைக் கேட்டு அழுதவர்கள் ஏமாந்தவர்களா? இல்லை. மூன்று மணி நேரம் கால் கடுக்க நின்ற ஒருவர் மனசுக்குள் என்ன பேசியிருப்பாரோ அதைத்தான் படம் வாய்விட்டுப் பேசியது. கொட்டகையில் விசிலடித்தவர்களில் எத்தனை பேர் தாலுகா ஆபீசிலும் பண்ணையார் வீட்டுத் திண்ணையோரமும் அப்படி நின்றவர்கள்! அவர்கள் சொல்ல முடியாமல் விழுங்கியதை ஒருவன் திரையில் சொன்னான். அந்தக் கண்ணீர் அசல்.

ஆனால் வசனத்தின் சூட்டில் அந்த நிற்றல் காணாமல் போய்விட்டது. அது பெரிய இழப்பு. இந்த ராமநாதபுரம் கரைக்கு நிற்பது என்றால் என்னவென்று தெரியும். இலங்கைக் கடற்படை பிடித்துப்போன கணவனுக்காக, மகனுக்காக, ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பெண்கள் மனுவோடு கலெக்டர் அலுவலகத்தில் நிற்கிறார்கள். மஞ்சள் பையில் ஆதார் நகல், படகு எண் எழுதிய தாள், ஓரம் மடங்கிய ஒரு போட்டோ. அவர்களிடம் வசனம் இல்லை. 1798இன் கட்டபொம்மனைச் சரியாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் அவர்கள்தான் என்று தோன்றுகிறது.

ஏனென்றால் அவரும் மனுதான் எழுதினார். ஜாக்சன் நடத்திய விதத்தை விவரித்துச் சென்னை அரசுக்கு முறையிட்டார். விசாரணைக் குழு அமைந்தது. கட்டபொம்மன் மீது குற்றமில்லை என்று முடிவானது. பதவி இழந்தவர் ஜாக்சன். படம் பார்த்துச் சிலிர்த்த எத்தனை பேருக்கு இந்த வெற்றி தெரியும்? இதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் வலிக்கிறது. ஒருமுறை நியாயம் கிடைத்த கதவு மறுமுறை திறக்கவில்லை.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கு. தூக்கிலிட்ட கும்பெனிப் படையின் மேஜர் பானர்மேன் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. தூக்குமரத்துக்கு நடந்தபோது அவரிடம் அச்சமே இல்லை, இருபுறமும் நின்ற பாளையக்காரர்களை ஏளனமாகப் பார்த்தார் என்று எதிரியே பதிவு செய்திருக்கிறார். அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கடைசி நடையில் அவர் கவலைப்பட்டது ஒருவரைப் பற்றி மட்டும். வாய் பேச வராத தம்பி ஊமைத்துரையைப் பற்றி.