கணவாயும் சங்கல்பமும்

எடுத்த காரியத்தை நடுவில் விடுவது மனவுறுதியின்மை என்றே நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அப்படியானால், தொடர்வது தீங்கு என்று தெரிந்த பின்னும் தொடர்வது உறுதியா, பிடிவாதமா? மணாலியிலிருந்து லே வரை மிதிவண்டியில் செல்லத் திட்டமிடுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. அங்கே இது வாதத்துக்கான பொருள் அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது.

ரோதாங் வழியாகச் சென்றால் ஏறக்குறைய 470 கிலோமீட்டர். மிதித்துச் செல்வோருக்கு எட்டு முதல் பத்து நாட்கள். ரோதாங் கணவாயின் உயரம் 3,978 மீட்டர். அதைக் கடந்தபின் பாரலாச்சா லா, நக்கீ லா, லாச்சுங் லா ஆகியன வருகின்றன. இறுதியில் 5,300 மீட்டருக்கும் உயர்ந்த டங்லங் லா. ('லா' என்றாலே கணவாய்தான்.) அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி.

3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வும் வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. ஆகவேதான் விவேகமுள்ளவர்கள் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ கூடுதலாக ஒரு நாள் தங்குகிறார்கள். உடல்வலிமை இதற்கு மாற்று ஆகாது. வலிமை மிக்க இளைஞன் விரைந்து ஏறிவிடுவதாலேயே விரைவில் நோயுறுவதும் உண்டு.

இந்தச் சாலையின் அமைப்பில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. உயர நோய்க்கு முதன்மையான மருந்து கீழே இறங்குவது. ஆனால் பாரலாச்சா லாவைக் கடந்துவிட்டால், டங்லங் லா வரை நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேலாகச் சாலை 4,000 மீட்டருக்குக் கீழே இறங்குவதே இல்லை. சர்ச்சுவில் ஒருவர் நோயுற்றால், முன்னே சென்றாலும் பின்னே திரும்பினாலும் ஏறித்தான் இறங்க வேண்டும். எனவே முடிவெடுக்க வேண்டிய இடம் சர்ச்சு அல்ல. அதற்கு முன்னுள்ள ஜிஸ்பாவும் தார்ச்சாவும்தான்.

இன்னொன்றும் உண்டு. பிராணவாயு குறையும்போது கால்கள் மட்டுமல்ல, புத்தியும் தளர்கிறது; தளர்ந்த புத்திக்குத் தன் தளர்ச்சி தெரிவதில்லை. "இன்னும் ஒரே ஒரு கணவாய்தானே" என்று அது பேரம் பேசும். கணவாயின் உச்சியில் பெயர்ப்பலகையருகே எடுக்கப்போகும் புகைப்படமும் அந்தப் பேரத்தில் சேர்ந்துகொள்ளும். ஆதலால் திரும்புவதற்கான நிபந்தனைகளைத் தெளிந்த மனத்தோடு சமவெளியிலேயே எழுதிவைப்பது நல்லது. தலைவலி காலையிலும் நீங்காவிட்டால் அன்று ஏற்றம் இல்லை. நடை தள்ளாடினால், பேச்சு குழம்பினால், ஓய்விலும் மூச்சு வாங்கினால் இரவானாலும் வண்டி பிடித்து இறங்குவது. நோயுற்றவரை ஒரு நாழிகையும் தனியே விடுவதில்லை.

திரும்புவதைப் பற்றி முன்பே எண்ணுவது சங்கல்பத்தைத் தளர்த்தாதா என்று சிலர் கேட்கலாம். சோம்பல் கொண்ட மனம் எந்த நிபந்தனையையும் சாக்காக்கிக்கொள்ளும் என்பது உண்மையே. மூன்றாம் நாள் எதிர்காற்றில் தொடை வலிக்கும்போது எவருக்கும் திரும்பத் தோன்றும். அதனாலேயே எழுதிவைப்பதில் துல்லியம் வேண்டும்: வலி வேறு, அபாயம் வேறு. வலியைப் பொறுத்துக்கொள்வதற்கு இடம் கொடுத்து, அபாயத்துக்கு மட்டும் எல்லை வகுத்தவன் ஒவ்வொரு மேட்டிலும் தன்னோடு வாதாட வேண்டியதில்லை, நிம்மதியாக மிதிக்கிறான்.

உண்மையில் கேட்க வேண்டியது, சங்கல்பம் எதைப் பற்றியது என்பதே. 'லேவை அடைவேன்' என்பது ஒன்று. 'ஐவராகப் புறப்பட்டு ஐவராகத் திரும்புவோம்' என்பது வேறொன்று. முதலாவதில் மெதுவாக வருகிற தோழன் தடையாகிறான். இரண்டாவதில் அன்றைய தூரத்தைத் தீர்மானிப்பவனே அவன்தான்.

திட்டத்தில் பெரும்பாலும் விடுபடுவது ஒரே ஒரு வரி: நோயுற்றவருடன் இறங்கப்போவது யார்? மிதிவண்டிக்கு மாற்றுக்குழாய் எத்தனை, சங்கிலிக்கு எண்ணெய் எவ்வளவு என்றெல்லாம் பட்டியல் நீளும். இந்தப் பெயர் மட்டும் எழுதப்பட்டிருக்காது. அதை மணாலியிலேயே கேட்டு, அவருடைய மனமார்ந்த இசைவைப் பெற்று எழுத வேண்டும்.