பார்ப்பு

“சித்தப்பா, வயித்துல ஒண்ணுமே இல்ல பாத்தீங்களா? பசியிலதான கடிச்சிருக்கு?”

ஆமா என்றேன். மூன்று வாரமாகிறது. அந்தச் சொல் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

வைகாசிக் கடைசி. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஒரு விராலாவது பிடித்துவிட வேண்டும் என்று அண்ணன் மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு 13 வயது. விடியும் முன்பே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே, அமலைச் செடி மண்டிய கரைக்குப் போய்விட்டோம். தாமிரபரணியின் 8 அணைக்கட்டுகளில் இதுதான் கடைசி. மேலே பிரித்துக்கொண்டது போக மிஞ்சிய தண்ணீர்தான் இங்கே வந்து தேங்கும். மண்புழுவுக்கு உள்ளங்கை அகலத்தில் நாலைந்து சிலேபி வந்தன. அவனுக்கு அதில் மனம் நிறையவில்லை.

அப்போதுதான் அமலைக்கு நடுவே இருந்த திறப்பைப் பார்த்தேன். ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் பொடிப்பொடியாகக் குமிழிட்டது. குங்குமம் கரைத்துவிட்டாற்போலச் சிவப்பு. விரால் பார்ப்பு. நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மூச்செடுக்க மேலே வந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அடியில் தாயோ தகப்பனோ நிற்கும். விராலில் இரண்டுமே காவல் காக்கும். குஞ்சுகளின் மேல் எது விழுந்தாலும் பாய்ந்து கவ்வும். விவரம் தெரிந்தவனுக்கு இதைவிடச் சுலபமாகக் கிடைக்கும் மீன் கிடையாது.

“அங்க போடுல” என்றேன். சொன்னது நான்தான்.

இரண்டாவது வீச்சிலேயே ரப்பர் தவளையை அது கவ்விவிட்டது. ஒரு கிலோவுக்குக் குறையாது. கரையில் போட்டுவிட்டுத் திரும்பினோம். சிவப்பு அதே இடத்தில் இருந்தது. குமிழ்கள் நிற்கவில்லை. பையனும் அதைப் பார்த்தான். வீடு வரும்வரை அவன் எதுவும் பேசவில்லை. அண்ணி சாம்பலைப் போட்டுத் தேய்த்து, மீனின் வயிற்றைக் கீறியபோது பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி.

வயிறு காலியாகத்தான் இருந்தது. பசித்துக் கடித்திருக்கலாம். காவலை விட்டு இரை தேடிப் போகாததாலும் காலியாக இருந்திருக்கலாம். அந்த வயிறு இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. ஆனால் கவ்வியது எதற்காக என்று எனக்குத் தெரியும். தெரிந்துதானே அங்கே போடச் சொன்னேன்?

சிறுவயதில் தாத்தாவோடு கடம்பாகுளத்துக்குப் போவேன். ஒருநாள் இதே போல் ஒரு பார்ப்பைக் கண்டதும் அவர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு, “வா, அந்தப் பக்கம் போவோம்” என்றார். காரணம் சொல்லவில்லை. இவ்வளவு காலமும் அதை இரக்கம் என்றே வைத்திருந்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அன்று ராத்திரி வீட்டில் விரால் குழம்பு கொதித்த வாசனையும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது. என்னை வீட்டில் விட்டுவிட்டு அவர் திரும்பப் போனாரா, அது வேறொரு நாளின் குழம்பா, இனி யாரிடம் கேட்பது?

பார்ப்பு என்பது பழைய சொல். எப்போதோ படித்த தொல்காப்பிய மரபியலில், பறப்பவற்றின் குஞ்சுக்கும் தவழ்பவற்றின் குஞ்சுக்கும் அந்தப் பெயர் உண்டு. மீன் அதில் வந்ததாக நினைவில்லை. விராலுக்கு அதைக் கொடுத்தவர்கள் கரையில் நின்று பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். மீன் தன் பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மீனாட்சி என்ற பெயருக்கும் அப்படியே பொருள் சொல்வார்கள். விரால் முட்டை தண்ணீரின் மேல் மிதக்கும். கீழிருந்து காவல் காக்கும் மீன் இமையில்லாத கண்ணோடு நிற்பதைப் பார்த்த எவரும் அதை நம்பியிருப்பார்கள். மதுரை மீனாட்சிக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். ஐந்து வயதுவரை அவர் பேசவில்லை என்பார்கள். பேச்சு வராத ஒரு பிள்ளையை அந்தத் தாய் எத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாள்! இந்த ஆற்றங்கரையில் நின்றும் பார்த்திருப்பாள்.

பசித்து வந்த மீனைப் பிடிப்பதில் எனக்கு உறுத்தல் இல்லை. அதற்கு ஒன்று வேண்டியிருந்தது, நாம் ஏமாற்றினோம், அவ்வளவுதான். அந்த விராலும் அடுத்த மீனின் குஞ்சை விழுங்கித்தான் வளர்ந்திருக்கும். ஆனால் காவலுக்கு நிற்பதைப் பிடிக்க இரையே தேவையில்லை. அது எதைக் காக்கிறது என்று தெரிந்தால் போதும். என் அப்பா தனக்கென்று எதற்கும் ஆசைப்பட்டவரில்லை. அக்கா கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஒருவர் நீட்டிய வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். தென்கால் பாசனத்தில் இருந்த வயல் அதோடு போயிற்று. நீட்டியவருக்கு அப்பாவின் பலவீனம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் கல்யாணம் என்று தெரிந்திருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. “அங்க போடுல” என்று அந்த ஆளிடமும் யாராவது சொல்லியிருப்பார்களோ?

மறுநாள் விடிகாலையில் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். அதே திறப்பு, அதே அமலை. சிவப்பைக் காணோம். கெளுத்தியோ நாரையோ தின்றிருக்கலாம். இணை மீன் வேறு மறைவுக்குக் கூட்டிப் போயிருக்கலாம். வெயில் சுள்ளென்று ஏறும்வரை நின்றேன்.

பையன் அதன்பிறகு மீன்பிடிக்கக் கூப்பிடவில்லை. ரப்பர் தவளையைக் கழுவித் துடைத்து என் மேசையில் வைத்துவிட்டான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வேறொரு சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சிவப்பு அங்கேயே நின்றதை அவனும் பார்த்தானே. எல்லாம் புரிந்துகொண்டுதான், நான் வருந்தக்கூடாதென்று அப்படிக் கேட்டானா?