மகவுகோடலும் வினைக்கொள்கையும்

ஓருயிர் ஓரில்லத்திற் பிறத்தலும், பிறந்த இல்லத்தை விட்டுப் பிறிதோரில்லத்திற் புகுந்து வளர்தலும் யாது காரணத்தான் நிகழ்வன என்னும் வினா, சாத்திரம் ஓதுங்கால் எளிதாகத் தோன்றும். அண்டை வீட்டார் கண்கலங்கி வினவுங்கால் அஃது அத்துணை எளிதன்று. சென்ற மார்கழித் திங்களில், யான் வாழும் இராசா அண்ணாமலைபுரத்தில், அங்ஙனம் ஒரு வினா என்பால் வந்தது. அன்று யான் இறுத்த விடை குறையுடைத்து என்பதைப் பின்னர் உணர்ந்தேன். அக்குறையை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது தெருவில் மூதாட்டியார் ஒருவர் உளர். சைவ ஒழுக்கம் வழுவாத குடும்பத்தினர். அவருடைய மகளாரும் மருமகனாரும் மேலைநாடொன்றிற் குடியுரிமை பெற்று வாழ்பவர். மணமாகிப் பன்னீராண்டு கழிந்தும் மகப்பேறு வாய்த்திலது. ஆகவே, தாம் பிறந்த நாட்டிலே ஆதரவற்ற குழந்தை ஒன்றைத் தம் மகவாக ஏற்க உளங்கொண்டு, தாம் வாழும் நாட்டில் இசைவு பெற்ற நிறுவனத்தின் வாயிலாக விண்ணப்பம் செய்து, மூன்றாண்டாகக் காத்திருக்கின்றனர். ஆண்டுதோறும் சில திங்கள் இங்கு வந்து மூதாட்டியாரோடு தங்குதல் அவர்தம் வழக்கம்.

அவர்களுடைய நாட்கள் கழியுமாற்றை அண்டை வீட்டினனாகிய யான் அறிவேன். வைகறையில் அம்மங்கையார் வாயிலிற் கோலமிடுவர். கணவர் பால் வாங்கி வருவர். பகலில் இருவரும் கணினியின் முன்னமர்ந்து தத்தம் அலுவல் பார்ப்பர். மாடியில் ஓரறை வெள்ளையடித்து வைக்கப்பட்டுள்ளது. மூதாட்டியார் தம் பழைய நூற்சேலைகளைத் துவைத்து மடித்து அங்கே அடுக்கியுள்ளார். ஆயினும் சட்டை ஒன்றேனும் தைக்கப்படவில்லை. கருவுற்றார் திங்களை எண்ணுவர். இவர்க்கோ வருவது ஆணோ பெண்ணோ, ஓராண்டினதோ ஆறாண்டினதோ, ஒரு மகவோ உடன்பிறந்தார் இருவரோ என்பது தெரியாது. அளவு தெரியாதபோது எதனைத் தைப்பது? உத்தரத்தில் தொட்டில் கட்டும் வளையம் மட்டும் உளது. அது மகளார் பிறந்தபொழுது அடித்தது. தொலைபேசி ஒலிக்குந்தொறும் உண்ணும் கை நிற்கும்; வேறு செய்தியாயின் மீண்டும் உண்ணத் தொடங்குவர். உடற்குறையுடைய குழந்தையையும் ஏற்க இசைவீரோ என்னும் பகுதியை நிரப்ப வேண்டியபோது கணவனும் மனைவியும் மூன்று நாள் தம்முட் பேசிற்றிலர் என்றும், நான்காம் நாள் இசைவு எனவே எழுதினர் என்றும் மூதாட்டியார் கூறினார். மாலைதோறும் கபாலீச்சரம் சென்று, பூம்பாவையின் திருமுன்னர்ச் சிறிது பொழுது நின்று மீள்வர்.

திருவாதிரை நன்னாளிற் களி கொணர்ந்த மூதாட்டியார், திண்ணையில் அமர்ந்து, “ஐயா, ஒன்று கேட்கிறேன், தவறாக எண்ணாதீர்கள். பிள்ளையில்லாமை வினைப்பயன் என்றால், அதைக் கடந்து ஒரு பிள்ளையைத் தேடுவது திருவுளத்துக்கு மாறாகாதா? எவர் வினையையோ நம் வீட்டுக்குள் அழைத்து வருவதாகாதா?” என்றார். உடன் வந்த மகளார் சிறிது நேரம் வாளா நின்று, “எனக்கு வேறோர் அச்சம், ஐயா. அந்தச் செய்தி வரவேண்டும் என்று நாள்தோறும் கும்பிடுகிறேன். அப்படியானால் எங்கோ ஒருத்தி தன் குழந்தையை இழக்கவேண்டும் என்றுதானே கும்பிடுகிறேன்?” என்றார். எல்லாம் அவன் திருவருள் என்று கூறி இருவரையும் அனுப்பிவிட்டேன். அது மெய்யே, ஆயினும் அவ்வினாக்கட்கு விடையன்று.

ஈண்டு என் குறை ஒன்றனையும் மறையாது கூறுதல் கடன். திருமடத்துப் பாடசாலையிற் சிறுவனாய்ப் புகுந்து, பெற்றோர் அல்லாதார் இட்ட சோற்றில் வளர்ந்து, அவர் கற்பித்த தமிழால் வாழ்ந்தவன் யான். எனக்கும் மகப்பேறு இல்லை. முப்பதாண்டிற்கு முன் என் மனைவியார், தாயிழந்த குழந்தை ஒன்றை எடுத்து வளர்ப்போமா என்று வினவினார். வினையான் அமைந்ததனை மாற்ற முயலுதல் தகாது என்று யான் சாத்திரம் பேசினேன். அவர் மறுமொழி கூறாமல் அடுக்களைக்குச் சென்றார். அதன்பின் ஒருபொழுதும் அதனைப்பற்றிப் பேசிற்றிலர். அவர் சிவபதம் எய்தி ஆறாண்டாயின. ஆகவே மூதாட்டியாரின் வினா எனக்குப் புதியதன்று. யான் தவறாக விடையிறுத்துவிட்ட பழைய வினாவே அது.

இனி, முதல் வினாவை ஆராய்வாம். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அநாதி என்பது நம் சித்தாந்தம். உயிரைப் பெற்றோர் படைத்திலர். உடம்பும் அவ்வுயிரின் வினைக்கீடாக மாயையினின்றும் இறைவனாற் கூட்டப்படுவதே. தாய் தந்தையர் அதற்குத் துணையாய் நிற்பவர். ஆதலின், பெற்ற மகவாயினும் ஏற்ற மகவாயினும், என்றும் உள்ளதாகிய ஓருயிர் தன் வினையோடு தம்மிடத்து வந்தது என்னும் அளவில் இரண்டும் ஒக்கும். பிறர் வினையை வீட்டுக்குட் கொணர்தல் என்னும் அச்சம் பொருந்துமாயின், கருவில் வரும் மகவினைக் குறித்தும் அங்ஙனமே அஞ்சுதல் வேண்டும். அதுவும் தன் வினையோடு வருவதே. ஓருயிரின் வினை மற்றோருயிரைப் பற்றாது என்பது நம் துணிபாதலின், அவ்வச்சத்திற்கு இடமில்லை.

அற்றேல், மகப்பேறின்மை பிராரத்தமாயின் அதனை நுகர்ந்தே கழித்தலன்றோ முறை எனின், கூறுதும். கருவில் மகவு தங்காமை நுகர்ச்சியாயிற்று, பன்னீராண்டு நுகர்ந்தனர். அந்நுகர்ச்சி, இன்ன அறத்தைச் செய்யற்க என்று ஒருவரை விலக்குவதன்று. பசித்து வந்தானைப் பசி நின் வினையென்று சொல்லிப் போக்குபவன் வினைக்கொள்கையை அறிந்தவனல்லன். தனக்குப் புதியதோர் ஆகாமியத்தை ஈட்டுபவனே. ஒரு குழந்தைக்குத் தாயை இழத்தல் பிராரத்தமாயின், பின்னர் ஓரில்லம் பெறுதலும் அதன் பிராரத்தம் ஆதல் கூடாதோ? முன்பாதியை வினை என்று ஏற்றுப் பின்பாதியை மறுக்க யாம் யார்? முப்பதாண்டிற்கு முன் யான் மறந்தது இதனையே.

நம் சந்தான மரபின் தோற்றமே இதற்குச் சான்று. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தார். திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்தபோது திருஞானசம்பந்தர் அருளிய திருவெண்காட்டுத் திருப்பதிகம் கிடைத்தது. அதன்படி அவர் மனைவியாரோடு முக்குளம் ஆடினார். இப்பிறப்பில் மகப்பேற்றிற்கு உரிய வினை இல்லையாயினும், அப்பதிகத்தில் வைத்த உறுதியால் மகவு அருளினோம் என்று இறைவன் கனவிற் கூறினான் என்பது வரலாறு. அங்ஙனம் பிறந்த மெய்கண்டாரும் பெற்றோரில்லத்தில் வளர்ந்திலர். திருவெண்ணெய்நல்லூரில் மாமன் இல்லத்தில் வளர்ந்தார். வினையின் முடிபே முற்ற முடிபாயின் நமக்குச் சிவஞானபோதமே கிடைத்திராது.

மகவு கொடுத்தலும் கோடலும் நம் சமயத்தில் இழிவாக எண்ணப்பட்டில என்பதற்குச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் வரலாறு போதும். திருநாவலூரிற் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் பிறந்த நம்பியாரூரர் தெருவிற் சிறுதேர் உருட்டி விளையாடக் கண்ட நரசிங்கமுனையரையர், சடையனார்பாற் கேட்டுப் பெற்றுத் தம் மகனாக வளர்த்தார். பெற்றுக் கொடுத்த இருவரும் நாயன்மார். ஏற்று வளர்த்தவரும் நாயனார். மூவரையும் ஒரு வரிசையில் வைத்து வணங்குகின்றோம். இதனுள் மற்றொரு நுட்பமும் உண்டு. அரசர் மனையில் வளர்ந்தும் நம்பியாரூரர் தம் குலத்து ஒழுக்கத்தினின்று பிரிக்கப்பட்டிலர். பருவம் வந்தபோது மணம் பேசியவர் சடையனாரே. ஏற்றவர் பெற்றவரை மறைத்திலர். பின்னர்ச் சுந்தரர்தாமும், கோட்புலி நாயனார் தம் மக்களாகிய சிங்கடியாரையும் வனப்பகையாரையும் அடிமையாகத் தர முன்வந்தபோது, மகளிராகவே ஏற்றுத் தம் பதிகங்களிற் சிங்கடியப்பன், வனப்பகையப்பன் என்று தம்மைக் குறித்தனர். மகனாக ஏற்கப்பட்டவரே பின்பு தந்தையாக ஏற்றவரும் ஆயினார்.

இனி, நாட்டு வழக்கில் மகவுகோடல் பெரும்பாலும் குடியின் பொருட்டே இருந்தது. மஞ்சணீர் குடிப்பித்து மகனாக்கிக் கொள்ளுதல் பலரிடை இருந்தது. இப்பகுதிக்குப் பெயர் தந்த இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் (1881–1948) பிறந்த நகரத்தார் மரபில் பிள்ளை கூட்டுதல் என்பது நெடுநாளைய வழக்கம். பழைய முறையில் ஆண்மகவே தத்தாகக் கொள்ளப்பட்டது. நீர்க்கடனும் சொத்தும் அதன் காரணம். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்மகவையும் தத்தாக ஏற்க இடந்தந்தது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமோ, குடிக்கு மகவு வேண்டும் என்பதினின்று மகவுக்குக் குடி வேண்டும் என்பதற்கு வினாவையே திருப்பிவிட்டது. வினைக்கொள்கை நம்மை நிறுத்தும் இடமும் அதுவே. வந்த உயிரின் நலமே முன் நிற்கற்பாலது.

மகளார் கேட்ட இரண்டாம் வினா இதனினும் கூரியது. அதனை யான் தள்ளிவிட ஒருப்படேன். வறுமையாலோ, பழிக்கு அஞ்சியோ, பெண்ணாய்ப் பிறந்தமையாலோ ஒருத்தி தன் மகவை விடுகின்றாள். நம் மாநிலத்தில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது பெண்மகவைக் கொல்லாமற் காத்தற்பொருட்டே. ஒருத்தியின் துயரமின்றி மற்றொருத்தியின் தொட்டில் நிரம்புதல் அரிது. இதனை மறந்து மகிழ்தல் அறமன்று.

விழைவு காத்திருக்க மறுத்தால் விளைவது யாது என்பதனை இந்நகரமே கண்டுளது. 2005-ஆம் ஆண்டளவில், ஏழையர் தெருக்களினின்று திருடப்பட்ட குழந்தைகள் பெற்றோரற்றவர் என்று பொய்யாகக் காட்டப்பட்டு அயல்நாட்டார்க்குக் கொடுக்கப்பட்ட செய்தி சென்னைக் காவல் துறையினரால் வெளிப்பட்டது. கடல்கடந்த தம்பதியர் பலர் வஞ்சமறியாது அன்புடன் வளர்த்தனர். இங்கே தாயர் தெருத்தெருவாய்த் தேடினர். தென்கொரியாவிலும் பல்லாண்டுகளாகக் குழந்தைகளின் பிறப்பு ஆவணங்கள் திரிக்கப்பட்டமையை அந்நாட்டு உண்மை ஆணையம் 2025-ல் எடுத்துரைத்தது. அன்பு ஒன்றே போதாது; அவ்வன்பு பிறர் கண்ணீரின்மேல் நில்லாமை வேண்டும்.

இதனாற்றான் காப்பு முறைகள் பல எழுந்தன. 1984-ல் உச்சநீதிமன்றம் இலட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் அயல்நாட்டார் மகவுகோடற்கு வரம்பு வகுத்தது. 1993-ல் ஹேக் நகரத்தில் எழுந்த உடன்படிக்கையை இந்தியா 2003-ல் ஏற்றது. இன்றைய சட்டப்படி, மகவை ஒப்படைத்த தாய் மனம் மாறித் திரும்ப இரண்டு திங்கள் தவணை உண்டு. கைவிடப்பட்ட குழந்தை இரண்டாண்டிற்கு உட்பட்டதாயின் இரண்டு திங்களும், மேற்பட்டதாயின் நான்கு திங்களும் பெற்றோர் தேடப்படுவர். இந்நாட்டு இல்லங்களை முதலில் நாடிய பின்னரே அயல்நாட்டுக் குடிமக்களுக்கு வாய்ப்பு. மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இசைவும், மாவட்ட ஆட்சியரின் ஆணையும் வேண்டும். மகவு வளர்ந்தபின் தன் பிறப்பின் மூலத்தைத் தேடவும் வழி உண்டு. சடையனாரை மறையாமை என்று இதனைக் கொள்ளலாம். காத்திருப்பார்க்கு இவையெல்லாம் தடைகளாய்த் தோன்றும். உண்மையில் அந்த இரண்டு திங்களும் நான்கு திங்களும் முகமறியாத ஒரு தாய்க்குத் திறந்து வைக்கப்பட்ட கதவு. அம்மங்கையாரின் காத்திருப்பு அக்கதவைத் திறந்து பிடித்திருத்தலே ஆகும்.

அங்ஙனமாயின் அவர் யாது வேண்டிக் கும்பிடுதல் தகும்? ‘எமக்கு ஒரு மகவு தருக’ என்பதில் எமக்கு என்னும் சொல்லே இடர் செய்வது. ‘தாய் திரும்பக் கூடிய மகவுக்குத் தாய் திரும்புக, எவரும் திரும்பாத மகவு ஒன்று உளதாயின் அதற்கு எம் இல்லம் பயன்படுக’ என்று வேண்டின் யார்க்கும் தீங்கில்லை. அவ்வேண்டுதலில் தொலைபேசி ஒலித்தலும் ஒலியாமையும் ஒருபடித்தாய் ஏற்கத்தக்கனவாகும். இருவினையொப்பு என்று நாம் ஏட்டில் ஓதுவதன் சிறிய நிழல் ஓரில்லத்தில் இங்ஙனம் விழக்கூடும் என்று எண்ணுகின்றேன்.

இதற்குத் துணையாவார் மயிலைச் சிவநேசர். அவர் தம் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்தபின், எரியிற் கிடைத்த என்பையும் சாம்பலையும் குடத்திலிட்டுக் கன்னிமாடத்தில் வைத்து, மலரும் சாந்தும் அணிந்து, நாள்தோறும் உணவு படைத்து, சம்பந்தப் பெருமானின் வரவு நோக்கியிருந்தார். ஆளில்லா அறையைப் பேணுதல் பேதைமையன்று என்பதற்கு அவரே சான்று. பிள்ளையார் உயிர்ப்பித்த பூம்பாவையைச் சிவநேசர் மணமுடித்துத்தர முன்வந்தபோது, யாம் உயிர் தந்தமையால் இவள் எமக்கு மகள் முறை என்று மறுத்தருளினார். குருதியான் வருவதொன்றே மகண்மையன்று. அருளான் வருவதும் மகண்மையே என்பது, நம் தெருவிற்கு அணித்தாகிய கபாலீச்சரத்திலேயே நிலைநாட்டப்பட்டதொரு முடிபு.

தைப்பொங்கலன்று இவற்றை அவ்விருவர்க்கும் எடுத்துரைத்தேன். என் மனைவியார் கேட்டதையும் யான் கூறியதையும் சேர்த்தே சொன்னேன். மூதாட்டியார் நெடுநேரம் பேசாதிருந்து, “அந்த அம்மாள் கேட்டபோது இதைச் சொல்லியிருக்கலாமே, ஐயா” என்றார். யான் ஆம் என்றேன். மகளார் யாதும் கூறாது வணங்கிச் சென்றார். மறுநாள் மாடியறையில் விளக்கு எரிந்தது. மூதாட்டியார் ஓராண்டுக் குழந்தைக்கும் ஆறாண்டுக் குழந்தைக்குமாக இரண்டு அளவிற் சட்டை தைக்கத் தொடங்கினார் என்று அறிந்தேன். எந்த அளவு பயன்படாதோ அதனை வேறொரு குழந்தைக்குக் கொடுத்துவிடலாம் என்றாராம்.

இக்கட்டுரை எழுதும் நாள்வரை அவர்க்குச் செய்தி வந்திலது. தாயிலாதார்க்குத் தாயாய், தந்தையிலாதார்க்குத் தந்தையாய் நிற்கும் கபாலீச்சரத்து அண்ணல், எங்கோ ஓரிடத்து உறங்கும் அச்சிறுவுயிர்க்கும், அதனைப் பெற்றவட்கும், அதற்காக விழித்திருப்பார்க்கும் ஒருங்கே திருவருள் புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.